பிறந்த குழந்தையின் ரத்தத்தில் அலர்ஜி தெரியுமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்தவுடன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, குழந்தைக்குப் பின்னால் அலர்ஜி வருமா என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. ஆயிரக்கணக்கான குழந்தைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், பிறகு அலர்ஜி வந்தவர்களின் தொப்புள்கொடி ரத்தத்துக்கும் வராதவர்களின் ரத்தத்துக்கும் சராசரியில் சில வேறுபாடுகள் தெரிகின்றன. ஆனால் இரண்டு கூட்டத்தின் எண்களும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. உங்கள் மடியில் இருக்கும் குழந்தையின் எண் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால்தான் இது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி பிரசவ அறைக்கு வரவில்லை.

இந்த ஆய்வுகள் வீண் என்று அர்த்தமில்லை. அலர்ஜி எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அவைதான் காட்டின. உங்கள் குழந்தைக்கு என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வேறு இடத்தில், முக்கியமாகத் தோலிலும் சோற்றுக் கிண்ணத்திலும், இருக்கிறது.

ஆய்வாளர்கள் தொப்புள்கொடி ரத்தத்தில் எதைத்தான் பார்க்கிறார்கள்?

பழையது ஐஜிஇ. அலர்ஜியை நடத்தும் எதிர்ப்புரதம் இது. 1960களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். 1970களிலிருந்தே ஸ்வீடனில் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தில் அளந்து பார்த்தார்கள்.

அடுத்து வந்தது டி-செல்களின் போக்கு. எதிர்ப்பு மண்டலத்தை நடத்தும் வெள்ளணுக்கள் இவை. கருவில் இருக்கும் குழந்தை தாயின் உடலோடு சண்டை போடக் கூடாது. அதனால் பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளின் டி-செல்களும் டிஎச்2 என்ற, அலர்ஜிக்கு ஒத்த பக்கம் சற்றே சாய்ந்துதான் இருக்கும். அந்தச் சாய்வைச் சமன் செய்யும் இன்டர்ஃபெரான் காமா என்ற சுரப்பு குறைவாகச் சுரக்கும். பெரும்பாலான குழந்தைகளில் முதல் ஓரிரு ஆண்டுகளில் இந்தச் சாய்வு சரியாகிவிடும். பிறக்கும்போது இன்டர்ஃபெரான் காமா மிகக் குறைவாக இருந்தவர்களுக்குப் பின்னால் அலர்ஜி கூடுதலாக வந்ததை 1990களின் ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டின.

மூன்றாவது, அடக்கும் டி-செல்கள். எதிர்ப்பு மண்டலத்துக்குக் கடிவாளம் போடுபவை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த லினா ஆய்வில், பிறக்கும்போது இவை குறைவாக இருந்த குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் கரப்பான் (எக்சிமா என்ற அரிக்கும் தோல் நோய்) அதிகம் வந்தது.

நான்காவது, கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளணுக்களான மோனோசைட்டுகள். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறோம், ஏனென்றால் இதுவரை வந்ததில் இதுதான் சுவாரசியமானது.

தொப்புள்கொடி ரத்தத்தில் உள்ள ஐஜிஇ அம்மாவிடமிருந்து வந்ததா, குழந்தையுடையதா?

குழந்தையுடையது. ஐஜிஜி என்ற இன்னொரு எதிர்ப்புரதம் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். கடைசி மூன்று மாதத்தில் நிறையவே போகும். ஐஜிஇ அப்படித் தாண்டாது. ஆனால் மாதிரி எடுக்கும்போது அம்மாவின் ரத்தம் ஒரு துளி கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். பெரியவர்களின் ஐஜிஇ லிட்டருக்குப் பல பத்து கிலோயூனிட் இருக்கலாம். பிறந்த குழந்தையில் பெரும்பாலும் 1க்கும் கீழே. அம்மாவுக்கு 200 இருந்தால், அவர் ரத்தம் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே குழந்தையின் எண் 2 கூடிவிடும்.

இதைப் பிடிக்க ஒரு வழி: அதே மாதிரியில் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதத்தையும் அளப்பார்கள். ஐஜிஏ-வும் நச்சுக்கொடியைத் தாண்டாது, பிறந்த குழந்தையிடம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. அது கூடுதலாக இருந்தால் கலப்படம் நடந்திருக்கிறது. பழைய ஆய்வுகள் சிலவற்றில் இந்தச் சரிபார்ப்பு இல்லை. அவற்றின் முடிவுகளைச் சற்றுத் தள்ளி வைத்துப் படிப்பது நல்லது.

ஐஜிஇ கூடுதலாக இருந்தால் அலர்ஜி வரும் வாய்ப்பு எவ்வளவு?

ஜெர்மனியில் 1990இல் பிறந்த 1,314 குழந்தைகளை ஐந்து நகரங்களில் பின்தொடர்ந்த மாஸ் ஆய்வு இதைத்தான் சோதித்தது. லிட்டருக்கு 0.9 கிலோயூனிட்டுக்கு மேல் என்பதை எல்லையாக வைத்தார்கள். எல்லையைத் தாண்டிய குழந்தைகளின் ரத்தத்தில் பிறகு உணவுக்கோ தூசிக்கோ எதிரான ஐஜிஇ உருவாவது கூடுதலாக இருந்தது. ஆனால் நோயாக, அதாவது கரப்பானாகவோ வீசிங்காகவோ, அது வெளிப்படுவதை இந்த எண் சரியாக முன்னறிவிக்கவில்லை. எல்லாக் குழந்தைக்கும் செய்யும் பரிசோதனையாக இது உதவாது என்பதுதான் முடிவு.

ஏன் உதவாது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். 1,000 குழந்தைகள். அதில் 100 பேருக்குப் பின்னால் அலர்ஜி வரப்போகிறது. பரிசோதனை, நோய் வரப்போகிறவர்களில் 30% பேரைப் பிடிக்கிறது. வராதவர்களில் 95% பேரைச் சரியாக விலக்குகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிடிபட்டவர்கள் 30 பேர். வராத 900 பேரில் 5%, அதாவது 45 பேருக்கும் "ஆபத்து" என்று சீட்டு வரும். ஆக 75 பெற்றோர் பயந்து போவார்கள்; அவர்களில் 45 பேர் சும்மா பயந்தவர்கள். மிச்சமுள்ள 925 பேருக்கு "ஒன்றுமில்லை" என்று சீட்டு. அவர்களிலும் 70 பேருக்கு நோய் வரும். அதாவது பரிசோதனைக்கு முன் 10% ஆக இருந்த வாய்ப்பு, "ஒன்றுமில்லை" சீட்டு வந்த பிறகு 7.6%. இந்த வித்தியாசத்துக்காக யாரும் தங்கள் வளர்ப்பு முறையை மாற்றப் போவதில்லை.

மோனோசைட் பற்றிய ஆஸ்திரேலிய ஆய்வு என்ன சொல்கிறது?

விக்டோரியா மாநிலத்தில் ஜீலாங் நகரத்தை ஒட்டிய பார்வன் பகுதியில், 2010 முதல் 2013 வரை கர்ப்பிணிகளைச் சேர்த்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததில் பொருத்தம் உண்டு. அருகிலிருக்கும் மெல்போர்னில் ஒரு வயதுக் குழந்தைகள் 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தபோது, பத்தில் ஒருவருக்கும் கூடுதலாக உணவு அலர்ஜி இருந்தது. அதுவும் மருத்துவமனையில் உணவைக் கொடுத்துப் பார்த்து உறுதி செய்தது. உலகில் இவ்வளவு துல்லியமாக அளந்து இவ்வளவு உயர்ந்த எண் வந்த இடம் வேறு காண்பது அரிது.

பார்வன் குழந்தைகளில் பின்னர் உணவு அலர்ஜி வந்தவர்களின் தொப்புள்கொடி ரத்தத்தில், சிடி4 என்ற வகை டி-செல்களோடு ஒப்பிட்டால் மோனோசைட்டுகளின் விகிதம் கூடியிருந்தது. அடக்கும் டி-செல்கள் குறைந்திருந்தன. அந்த மோனோசைட்டுகளைப் பாக்டீரியாவின் உறைப்பொருளான எல்பிஎஸ்-ஐக் கொடுத்துத் தூண்டியபோது, ஐஎல்-1 பீட்டா, ஐஎல்-6, டிஎன்எஃப் ஆகிய அழற்சிச் சுரப்புகளை மற்றக் குழந்தைகளின் மோனோசைட்டுகளைவிட அதிகமாகக் கொட்டின.

2016இல் வெளியான இந்தக் கட்டுரையின் பலம் அடுத்த படியில் இருக்கிறது. குடல் சுவரில் இயல்பாக இருக்கும் டிஜிஎஃப் பீட்டா என்ற சுரப்போடு இந்த அழற்சிச் சுரப்புகள் சேரும்போது, டி-செல்கள் ஐஎல்-2 என்ற சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. ஐஎல்-2 இல்லாவிட்டால் அடக்கும் டி-செல்கள் நிலைக்க முடியாது. அவற்றில் சில, கடிவாளமாக இருக்க வேண்டியவையே, ஐஎல்-4 என்ற அலர்ஜிச் சுரப்பைத் தரும் செல்களாகத் திரும்பிவிடுகின்றன. அதாவது அலர்ஜியின் தொடக்கம் ஐஜிஇ-யில் இல்லை. அதற்கு முந்தைய அழற்சியில் இருக்கலாம். பிறக்கும்போது ஐஜிஇ ஏன் இவ்வளவு மோசமான முன்னறிவிப்பாளராக இருந்தது என்பதற்கும் இதில் பாதி விளக்கம் கிடைக்கிறது.

அந்த ஆய்வில் பிரசவ வலி நீண்டதற்கும் தொடர்பு உண்டாமே? அப்படியானால் சிசேரியன் நல்லதா?

தொடர்பு இருந்தது உண்மை. வலி நீளும்போது குழந்தையின் உடலிலும் அழற்சிச் சுரப்புகள் ஏறும், மோனோசைட்டுகள் வெளியே வரும். ஆனால் அதிலிருந்து சிசேரியனுக்குத் தாவுவது தவறு. ஸ்வீடனில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், சிசேரியனில் பிறந்தவர்களுக்கு உணவு அலர்ஜி சுமார் 21% கூடுதலாகவே இருந்தது. இரண்டுமே தொடர்புகள்தான், காரணங்கள் அல்ல. பிரசவ முறையை மகப்பேறு காரணங்களை வைத்து முடிவு செய்யுங்கள். அலர்ஜியை அந்தப் பேச்சுக்குள் கொண்டுவர வேண்டாம்.

மாட்டுத் தொழுவத்தில் வளர்ந்தால் அலர்ஜி வராது என்கிறார்களே?

ஆஸ்திரியா, ஃபின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கிராமங்களில் நடந்த பாஸ்ச்சர் ஆய்வும், மியூனிக்கில் நடந்த சிறிய ஆய்வுகளும் இதைப் பார்த்தன. பண்ணையில் வேலை செய்த கர்ப்பிணிகளின் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே அடக்கும் டி-செல்களின் செயல் கூடியிருந்தது. தொழுவத்தின் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்த் துகள்கள் தாய் வழியாகவே வேலை செய்கின்றன என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். இதற்காகக் காய்ச்சாத பால் குடிக்க வேண்டாம். கர்ப்பத்தில் அதனால் வரும் லிஸ்டீரியா, புரூசெல்லா தொற்றுகள் அலர்ஜியைவிட ஆபத்தானவை.

ஆய்வுக்காக ரத்தம் கொடுக்கச் சொன்னால் எப்படி எடுப்பார்கள்? குழந்தைக்குப் பாதிப்பு உண்டா?

கொடியை வெட்டிய பிறகு, நச்சுக்கொடி பக்கம் மிஞ்சும் ரத்தத்தைத்தான் எடுக்கிறார்கள். குழந்தைக்கு ஊசி கிடையாது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: மாதிரிக்காகக் கொடியை அவசரமாகக் கிள்ளக் கூடாது. குழந்தை நலமாக இருந்தால் ஒரு நிமிடமாவது பொறுத்துக் கிள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் போகும் ரத்தம் குழந்தையின் இரும்புச் சத்துக்கு வேண்டும்.

எடுப்பவர் கொடியின் மேற்பரப்பை நன்றாகத் துடைத்துவிட்டு, கொடியின் சிரையில் ஊசியைச் செலுத்தி உறிஞ்ச வேண்டும். கொடியைப் பிழிந்து கிண்ணத்தில் வடித்தால் தாயின் ரத்தமும் திசு நீரும் கலந்துவிடும். செல்களைப் பார்க்க வேண்டுமானால் ஹெப்பாரின் குழாய், ஐஜிஇ மட்டுமானால் சீரம் குழாய் போதும்.

கெடுவது பெரும்பாலும் அதன் பிறகுதான். நடுராத்திரிப் பிரசவத்தின் மாதிரி காலை வரை மேசையில் கிடக்கும். நேரம் போகப் போக மோனோசைட்டுகள் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், தாமாகவே தூண்டப்பட்டுச் சுரக்கத் தொடங்கும். 24 மணி நேரத்தைத் தாண்டிய மாதிரியில் "அழற்சி கூடுதல்" என்று வந்தால், அது குழந்தையுடையதா குழாயுடையதா என்று சொல்ல முடியாது. இன்னொரு தொல்லை, தொப்புள்கொடி ரத்தத்தில் உட்கரு உள்ள சிவப்பணுக்கள் நிறைய இருக்கும். அடர்த்தி வித்தியாசத்தை வைத்து வெள்ளணுக்களைப் பிரிக்கும்போது இவையும் கூடவே வந்து எண்ணிக்கையைக் கெடுக்கும். இதெல்லாம் தெரிந்த ஆய்வகம் மாதிரி எடுத்த நேரத்தையும் பிரித்த நேரத்தையும் எழுதி வைத்திருக்கும்.

குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சோதனையில் அலர்ஜி தெரியாதா?

தெரியாது. அது தைராய்டு குறை போன்ற பிறவிக் கோளாறுகளுக்கானது. சில நாடுகளில் அதே ரத்தப் புள்ளியில் ட்ரெக் சோதனையும் செய்கிறார்கள். அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் 2018 முதல் உண்டு. அது டி-செல்களே இல்லாத கடும் எதிர்ப்புக் குறைபாட்டைப் பிடிக்க. அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தனியார் வங்கியில் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம். அதிலிருந்து பார்க்கலாமா?

அங்கே சேமிப்பது மூலச்செல்கள். உறைய வைத்து உருக்கும்போது மோனோசைட்டுகளின் நடத்தை மாறிவிடும். பார்த்தாலும் முதல் பதிலில் சொன்னதுதான் கதி. அலர்ஜியைக் காரணம் காட்டி இந்தச் சேவையை உங்களிடம் விற்றிருந்தால், அந்தக் காரணத்துக்கு அடிப்படை இல்லை.

சரி, பிறகு எதைப் பார்த்து ஆபத்தைக் கணிப்பது?

குடும்ப வரலாற்றை முதலில் பாருங்கள். தாய், தந்தை, உடன்பிறந்தோர் யாருக்காவது கரப்பான், ஆஸ்துமா, தும்மல் அலர்ஜி உண்டா? இருவருக்கும் இருந்தால் வாய்ப்பு கூடும். ஆனால் அலர்ஜி வரும் குழந்தைகளில் நிறையப் பேர் குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதைவிட முக்கியம் தோல். அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்த குழந்தைகளின் கையில், இரண்டாம் நாளே, தோல் வழியாக வெளியேறும் ஈரத்தை ஒரு சிறு கருவியால் அளந்தார்கள். அளவு மேல் கால்வாசியில் இருந்தவர்களுக்கு ஒரு வயதுக்குள் கரப்பான் அதிகம் வந்தது. கீழ் கால்வாசியோடு ஒப்பிட்டால், இரண்டு வயதில் உணவு அலர்ஜி சுமார் நான்கு மடங்கு. கரப்பான் வராத குழந்தைகளிடமும் இந்தத் தொடர்பு இருந்தது. தோலின் மதில் ஒழுகினால் உணவுத் துகள் தோல் வழியாக உள்ளே போகிறது; அப்படி முதலில் சந்திக்கும் உடல் அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. வாய் வழியாக முதலில் சந்தித்தால் பழகிக்கொள்கிறது. ஐரோப்பியர்களில் சிலருக்கு ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் மரபணு பழுதாக இருப்பதும், அவர்களுக்குக் கரப்பான் கூடுவதும் 2006இல் தெரியவந்தது.

வீட்டில் கருவி வேண்டாம். மூன்று நான்கு மாதத்துக்குள் கன்னத்திலும் கை கால் வெளிப்பக்கத்திலும் சிவந்து, கசிந்து, அரிக்கும் கரப்பான் வந்தால் அதுதான் நீங்கள் நம்ப வேண்டிய அடையாளம். சீக்கிரம் வருவதும் கடுமையாக வருவதும் உணவு அலர்ஜிக்கான வாய்ப்பைக் கூட்டும்.

அப்படியானால் பிறந்த நாளிலிருந்தே மாய்ஸ்சரைசர் பூசினால் தடுத்துவிடலாமே?

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். பிரிட்டனில் 1,394 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஓர் ஆண்டு முழுவதும் தினமும் பூசிப் பார்த்தார்கள். கரப்பான் குறையவில்லை, தோல் தொற்று சற்றுக் கூடியது. நார்வே, ஸ்வீடனில் நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும் குறையவில்லை. இரண்டும் 2020இல் வெளியாயின. நல்ல தோலுக்கு வெறுமனே பூச வேண்டியதில்லை. கரப்பான் வந்த தோலுக்குப் பூசியே ஆக வேண்டும். இது சிகிச்சை, அது தடுப்பு.

கரப்பான் வந்துவிட்டது. என்ன செய்வது?

வெதுவெதுப்பான தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் குளியல். துவட்டாமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன் வாசனையில்லாத கெட்டியான க்ரீமை உடல் முழுக்கப் பூசுங்கள்; ஒரு நாளில் இரண்டு முறையாவது. 100 கிராம் ட்யூப் ஒரு மாதம் வந்தால் நீங்கள் போதுமான அளவு பூசவில்லை. கையைக் கழுவிவிட்டு எடுங்கள். வேர்க்கடலைச் சட்னி அரைத்த கையோடு பூசுவதும், டப்பாவுக்குள் விரலை விடுவதும் வேண்டாம். சிவந்த இடத்துக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மென்மையான ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். அரைகுறையாகப் பூசினால் தோல் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும், உண்மையான ஆபத்து அதுதான்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். கடலைமாவு, பயத்தமாவு, பாதாம் எண்ணெய், பால் ஏடு எல்லாம் உணவுப் புரதம் உள்ளவை அல்லது இருக்கக்கூடியவை. முழுத் தோலில் தேய்ப்பது வேறு; கசியும் கரப்பான் மேல் தேய்ப்பது, மேலே சொன்ன தப்பான வழியில் உணவை அறிமுகப்படுத்துவது. இதற்கு ஜப்பானில் பெரிய பாடம் கிடைத்தது: கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சோப்பைப் பயன்படுத்திய சுமார் 2,000 பேருக்குக் கோதுமை சாப்பிட்டாலே அலர்ஜி வந்தது. அதுவரை அவர்கள் கோதுமையைச் சாதாரணமாகச் சாப்பிட்டு வந்தவர்கள். பிரிட்டனில், கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி கூடியிருந்ததை 2003இல் கண்டார்கள். கரப்பான் ஆறும் வரை மாவுக் குளியலை நிறுத்திவிடுங்கள். பாட்டியிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் பத்தியம் இருந்தால் குழந்தைக்கு அலர்ஜி வராதா?

அம்மா முட்டை, மீன், வேர்க்கடலை, பால் ஒதுக்குவதால் குழந்தையின் அலர்ஜி குறைவதில்லை. அம்மாவின் எடையும் சத்தும்தான் குறையும். பிரசவத்துக்குப் பின் நம் ஊரில் வைக்கும் பத்தியத்தை இந்தக் காரணத்துக்காக நீட்ட வேண்டாம். டென்மார்க்கில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் தினமும் 2.4 கிராம் மீன் எண்ணெய்க் கொழுப்பமிலம் கொடுத்ததில், குழந்தைகளின் வீசிங்கும் ஆஸ்துமாவும் 23.7 சதவீதத்திலிருந்து 16.9 ஆகக் குறைந்தது. மத்தியும் நெத்திலியும் அந்தக் கொழுப்பு உள்ள மீன்கள். பத்தியத்தில் முதலில் விலக்கப்படுவது மீனாக இருப்பது வருத்தமான விஷயம்.

அலர்ஜியைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் ஹைட்ரோலைஸ்டு பால் பவுடரும் தடுப்பதாக நிரூபணம் இல்லை.

வேர்க்கடலையும் முட்டையும் எப்போது, எவ்வளவு கொடுப்பது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இது. 2000இல் அமெரிக்கக் குழந்தைநல அகாடமி, ஆபத்துள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்றது. 2008இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2015இல் லண்டனில் கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்த லீப் ஆய்வின் முடிவு வந்தது. 4 முதல் 11 மாதத்துக்குள் தொடங்கி, வாரம் 6 கிராம் வேர்க்கடலைப் புரதம் சாப்பிட்டவர்களில் ஐந்து வயதில் அலர்ஜி 3.2%, ஒதுக்கியவர்களில் 17.2%. பிறவியிலேயே ஆபத்து அதிகம் என்று கணக்கிடப்பட்ட குழந்தைகளின் போக்கையே ஒரு கரண்டி உணவு மாற்றியது. ஜப்பானில் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு 6 மாதத்திலிருந்து வெந்த முட்டைப் பொடியை 50 மில்லிகிராமில் தொடங்கிக் கொடுத்ததில், ஒரு வயதில் முட்டை அலர்ஜி 38 சதவீதத்திலிருந்து 8 ஆக இறங்கியது.

கரப்பான் இல்லாத அல்லது லேசாக உள்ள குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்து, கஞ்சியோ கூழோ இரண்டு மூன்று வகை ஏற்றுக்கொண்ட பிறகு தொடங்கலாம். தாய்ப்பால் கூடவே தொடரட்டும். கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்தால், நான்கு மாதம் முடிந்ததும் மருத்துவரைப் பாருங்கள். தோல் குத்துச் சோதனையோ வேர்க்கடலை ஐஜிஇ-யோ பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் முதல் வாயை மருத்துவமனையிலேயே கொடுப்பார்கள். ஐஜிஇ சோதனை உண்மையிலேயே பயன்படும் இடம் இதுதான். இதைத் தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் சிலருக்குக் கதவு மூடிக்கொண்டே போகும்.

வாரம் 6 கிராம் புரதம் என்றால் சுமார் 24 கிராம் வேர்க்கடலை. மூன்றாகப் பிரித்தால் தடவைக்கு 8 கிராம். பூஞ்சணமோ கசப்போ இல்லாத கடலையை வறுத்து, தோல் நீக்கி, நைசாக அரைத்து, வெந்நீரில் கூழாக்கி ஆறவிடுங்கள். முழுக் கடலை, உடைத்த கடலை ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழலில் அடைத்துவிடும். தேனும் ஒரு வயது வரை வேண்டாம். முட்டையைக் கெட்டியாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள், அரைவேக்காடு கூடாது.

முதல் நாள்: குழந்தைக்குக் காய்ச்சல் சளி இல்லாத பகல் நேரம். கரண்டி நுனியளவு கொடுத்து 10 நிமிடம் பொறுங்கள். ஒன்றுமில்லை என்றால் மீதியை மெதுவாகக் கொடுத்து இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். ஒரு நாளில் ஒரு புதிய உணவு போதும். அதன் பிறகு பலர் செய்யும் தவறு, ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவது. ஒருமுறை ருசி காட்டுவது பாதுகாப்புத் தராது. வாரா வாரம் தொடர வேண்டும்.

கொடுத்தபின் ஏதாவது ஆனால்?

வாயைச் சுற்றி மட்டும் லேசாகச் சிவந்து அரை மணியில் மறைந்தால் பெரும்பாலும் தோல் எரிச்சல். உடலில் தடிப்புத் தடிப்பாக எழும்பினால், உதடு வீங்கினால், வாந்தி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். இருமல், மூச்சிழுப்பு, துவண்டு போவது, வெளிறுவது எதுவாக இருந்தாலும் அவசரம்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. குழந்தையைப் படுத்த நிலையில் வைத்திருங்கள். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின், கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம், 8 கிலோ குழந்தைக்கு 0.08. அரிப்பு மருந்துச் சிரப் இதை நிறுத்தாது, அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நேரத்தை வீணாக்குகிறது.

ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து விடாமல் வாந்தி எடுத்து, குழந்தை சோர்ந்து போனால் அது வேறு வகை அலர்ஜி. ஐஜிஇ சோதனையில் தெரியாது. அதையும் மருத்துவரிடம் நேரம் குறித்துச் சொல்லுங்கள்.

நம் ஊரில் வேர்க்கடலை அலர்ஜியே அபூர்வம். இதெல்லாம் வெள்ளைக்காரர் பிரச்சினை இல்லையா?

எண்ணிக்கை குறைவுதான். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்த யூரோபிரிவால் ஆய்வில், 26.5% பேரின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஆனால் உணவு அலர்ஜி என்று சொல்லத்தக்கவர்கள் 1.2% மட்டுமே. இதில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. நம் நாட்டில் "50 உணவுகளுக்கு அலர்ஜி பேனல்" செய்தால் காரணமில்லாமல் நிறைய நேர்மறை வரும், பெற்றோர் பயந்து ஒவ்வொன்றாக உணவை நிறுத்துவார்கள். குடற்புழுவும் மொத்த ஐஜிஇ-யை ஏற்றும்.

வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் கிழக்காசியப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி அங்குள்ள மற்றக் குழந்தைகளைவிட அதிகம். ஆசியாவில் பிறந்து பிறகு அங்கே குடியேறிய குழந்தைகளிடம் குறைவு. மெல்போர்னிலோ டொரண்டோவிலோ குழந்தை வளர்க்கும் தமிழர்கள், ஊரில் யாருக்கும் இல்லையே என்று இருந்துவிடக் கூடாது.

ஏற்கெனவே யாரோ சொல்லி ஐஜிஇ பார்த்துவிட்டோம். கூடுதல் என்று வந்திருக்கிறது.

குழந்தை நன்றாகப் பால் குடித்து எடை ஏறி, தோல் தெளிவாக இருந்தால் அந்தச் சீட்டை எடுத்து வைத்துவிட்டு மேலே சொன்னபடி ஆறு மாதத்தில் உணவைத் தொடங்குங்கள். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டாம். வயது ஏற ஏற ஐஜிஇ இயல்பாகவே ஏறும், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயப்படுவீர்கள்.

ஒரு நிலை மட்டும் வேறு. ஐஜிஇ மிக மிக உயர்ந்து, அதோடு அடிக்கடி சீழ்க்கட்டி, நிமோனியா, விடாத வயிற்றுப்போக்கு, எடை ஏறாமை, ரத்தத் தட்டணுக் குறைவு இவற்றில் எதுவாவது கூட இருந்தால், அது அலர்ஜி அல்லாமல் பிறவி எதிர்ப்புக் குறைபாடாக இருக்கலாம். குழந்தைநல மருத்துவரிடம் தட்டணு எண்ணிக்கையோடு கூடிய முழு ரத்தக் கணக்கும், எதிர்ப்புப் புரதங்களின் அளவும் பார்க்கக் கேளுங்கள். அது முடியும் வரை உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் போடலாமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள். பிசிஜி-யும் ரோட்டா சொட்டு மருந்தும் அந்த வகை.